எல்லை தாண்டும் செல்போன்

கேள்வி: காரில் நயாகராவின் கனடா பக்கம் போகிறோம். எங்கள் அமெரிக்க செல்போனுக்கு என்ன ஏற்பாடு செய்வது? (வாசகி, பஃபலோ)

பதில்: எல்லையிலுள்ள ரெயின்போ பாலத்தில் நீங்கள் பாஸ்போர்ட்டை நீட்டுவதற்குள் உங்கள் போன் கனடா டவரைப் பிடித்துவிடலாம்! பல அமெரிக்க அன்லிமிடெட் பிளான்களில் கனடாவும் அடக்கம். உங்களுடையதில் உண்டா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, கனடாவுக்கான இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதிவாகும் சிம்) வாங்குங்கள். அதற்குப் போன், வேறு நிறுவன சிம்மையும் ஏற்கும்படி 'அன்லாக்' ஆகியிருக்க வேண்டும். 2022-இல் வந்த ஐபோன் 14-இன் அமெரிக்க மாடலில் சிம் தட்டே கிடையாது; அதற்கு இ-சிம்தான். மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அங்கேயும் 911தான். அருவி முன்னால் நின்றதும் போனைப் பையில் போடுங்கள். சாரலுக்கு சிக்னல் தேவையில்லை.