பாரம் உண்டு, பாரம்பரியம் இல்லை

அனுப்புநர்: வீட்டு ஷெட்டில் ஒரு பழைய பிக்கப் வண்டியை வைத்துக்கொண்டு விழிக்கும் குடிமகன்.

பெறுநர்: உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள். (ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எந்த ஊர் அலுவலருக்குப் போய்ச் சேர்ந்தாலும் பதில் ஒன்றாகத்தான் இருக்கும்.)

பொருள்: 1968-இல் பதிவான மகிந்திரா எஃப்.சி. 150 பிக்கப் – உயிரோடு இருக்கிறதா இல்லையா எனத் தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கவுன்ட்டர் ஜன்னல் வழியே வாய்மொழியாகப் பிறப்பிக்கப்பட்ட ஆணை: "அப்புறமா வாங்க."

ஐயா,

வண்டியின் பெயரிலேயே எஃப்.சி. இருப்பதால் தங்கள் கவுன்ட்டரில் ஒவ்வொரு முறையும் பேச்சு சிக்கிக்கொள்கிறது. முதலில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறேன். வண்டியின் எஃப்.சி. என்பது ஃபார்வர்டு கன்ட்ரோல். ஓட்டுநர் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்து ஓட்டும் அமைப்பு. தாங்கள் கேட்கும் எஃப்.சி. தகுதிச் சான்று. முன்னது என்னிடம் இருக்கிறது. பின்னது தங்களிடம் இருக்கிறது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தங்கள் படிவங்களில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர் வரைந்து, அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1956 கடைசியில் இறக்கிய வண்டி இது. அங்கே பத்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இங்கே மகிந்திரா அதை எடுத்து ஓடவிட்டது. முகத்தில் மூக்கே கிடையாது. இன்ஜின் கேபினுக்குள்ளேயே, ஓட்டுநருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்கு அடியில் இருக்கும். கத்திரி வெயிலில் இதை ஓட்டியவர்களுக்கு எந்த அரசும் படி கொடுத்ததாகத் தெரியவில்லை. வண்டிக்கு முன்பாரம் அதிகம் என்று ஆரம்பத்தில் வில்லிஸ்காரர்கள் பின்பக்கச் சட்டத்தில் கனமான இரும்பைப் பொருத்தி அனுப்பினார்களாம். நம் ஊரில் அதற்கு அவசியமே வந்திருக்காது. பின்பாரத்துக்கு நம்மிடம் என்றைக்குக் குறை இருந்தது?

என் வண்டி முதலில் பஞ்சுப் பொதி சுமந்தது. பிறகு மாட்டுத் தீவனம், வாழைத்தார், ஊரில் யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் பந்தல் சாமான். கடைசியில் ஒரு களத்து மேட்டு ஓரத்தில் கோழி அடையும் இடமாக ஓய்வு பெற்றது. அங்கிருந்துதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கேபின் தரைத் தகடு உளுத்துப்போய், உள்ளே உட்கார்ந்தபடியே கீழே போகும் எறும்பு வரிசையைப் பார்க்க முடிந்தது. உளுத்ததை வெட்டி எறிந்து, புதுத் தகட்டை மடித்துக் கேஸ் வெல்டிங் வைத்தார் டிங்கரிங் பாய். ஓட்டையின் மேல் பட்டியை அப்பித் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிடுவது இந்தத் தொழிலில் சுலபமான வழி. அவர் மறுத்துவிட்டார். "பட்டி போட்டா எஃப்.சி.க்குத் தாங்கும், மழைக்குத் தாங்காது" என்றார். தங்கள் துறையைப் பற்றி இவ்வளவு சுருக்கமான மதிப்பீட்டை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இன்ஜின் எஃப்-ஹெட் வகை. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும். புகை வெளியேறும் வால்வு கீழே பிளாக்கிலேயே இருக்கும். ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் பையன், "அண்ணே, பாதி வால்வைக் காணோம்" என்று பதறினான். சிலிண்டரைப் போரிங் போட்டோம், ஓவர்சைஸ் பிஸ்டன் தேடிப் பிடித்தோம், வால்வு லேப்பிங் செய்தோம். அந்தக் காலத்துப் பெட்ரோல் ஜீப்புக்கும் இதே இன்ஜின்தான் என்பதால் புதுப்பேட்டையிலும் உக்கடத்திலும் சாமான் கிடைத்தது. கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்துகொண்டோம். இப்போது வண்டி ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. மிச்சமிருக்கும் கோளாறு தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-இல் தனி விதி கொண்டுவந்ததைப் படித்துவிட்டு ஆசையாகத்தான் வந்தேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81-ஏ. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் 10 ஆண்டுக்குக் கவலையில்லை. எண் பலகையில் வி.ஏ. என்று தனி எழுத்து. கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டிப் போகலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். தங்கள் ஆய்வாளர் விதியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான இரக்கம் இருந்தது. அந்த விதி இரு சக்கர வண்டிக்கும் எம்-1 வகை நான்கு சக்கர வண்டிக்கும் மட்டும்தான். எம்-1 என்றால் ஆள் ஏறும் கார். என் வண்டி என்-1. சாமான் ஏறுவது. எனவே அது பழசுதான், ஆனால் பழம்பெருமை கிடையாது.

ஐயா, இதை எழுதியவர் தாங்கள் இல்லை, டெல்லியில் யாரோ எழுதினார்கள் என்பது தெரியும். அவரை எனக்குத் தெரியாது, தங்களைத்தான் தெரியும். அதனால் தங்களிடம் கேட்கிறேன். ஜமீன்தார் குடும்பத்தோடு குற்றாலம் போய்வந்த காருக்கு வயதானால் அது மரபுச் சின்னம். அந்தப் பயணத்துக்குக் காசு கொடுத்த நெல்லை மண்டிக்கு ஏற்றிப் போன வண்டிக்கு வயதானால் பேரீச்சம்பழம். ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித்தான் தொழிலைத் தொடங்கினார். அந்த பஸ் இன்றைக்கு ஏதாவது ஒரு களஞ்சியத்தில் அகப்பட்டு, யாராவது துடைத்து எடுத்துத் தங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தினால், பஸ் எம்-1-இல் வராது என்றுதான் தாங்கள் சொல்ல வேண்டியிருக்கும். அதே சாலையில் அதே நாளில் பின்னால் வந்து ஹாரன் அடித்த துரையின் மோட்டாருக்கு வி.ஏ. பலகை கிடைக்கும்.

விதி இன்னொன்றும் எதிர்பார்க்கிறது. வண்டி அசல் உருவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிதாகக் கைவைத்திருக்கக் கூடாது. உழைத்த வண்டி எப்படி ஐயா அசல் உருவில் இருக்கும்? பட்டை உடைந்தால் பட்டை மாற்றுவார்கள், பின்பக்கப் பலகை முறிந்தால் கிடைத்த மரத்தை வைத்து அடைப்பார்கள், சேஸிஸ் விரிசல் விட்டால் வெல்டிங் வைத்து மறுநாள் காலையே லோடு ஏற்றுவார்கள். ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு முன்னால் பிரித்து மேய்ந்து கோத்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னதே தங்கள் துறைதான். ஆணையை மீறி ஷெட்டில் போர்வைக்கு அடியில் தூங்கிய வண்டிக்குப் பட்டயம், ஆணைக்குக் கட்டுப்பட்டதற்குத் தள்ளுபடி.

சரி, மரபு வேண்டாம், சாதாரண சரக்கு வண்டியாகவே ஓட்டிக்கொள்கிறேன் என்றேன். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருப்பதால் இதற்குப் பெர்மிட்கூடத் தேவையில்லை என்று சட்டத்தின் 66-ஆம் பிரிவே சொல்கிறது. எஃப்.சி. இருந்தால் போதும். எஃப்.சி. வாங்க வண்டியை மைதானத்துக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கொண்டுவரச் சாலையில் ஓட்ட வேண்டும். சாலையில் ஓட்ட எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர் எஃப்.சி. கேட்கிறார், கூடவே புகைச் சான்றும் கேட்கிறார். இந்த மாதிரிப் பழைய பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. கார்புரேட்டர் திருகை நுணுக்கமாகத் திருப்பி அந்த அளவுக்குள் கொண்டுவந்துவிட்டோம். கருவி 'தேறியது' என்கிறது. எண்ணைத் தட்டினால் கணினி 'அப்படி ஒரு வண்டி இல்லை' என்கிறது. இல்லாத வண்டி எப்படி ஐயா புகை விடும்?

கணினியில் ஏன் இல்லை என்றால், இதன் ஆர்.சி. கையால் எழுதிய புத்தகம். 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 'மெட்ராஸ்' மாநில முத்திரையோடு கொடுக்கப்பட்டது. தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14-இல்தான் நடைமுறைக்கு வந்தது. வண்டி அதற்கு முன்பே சாலையில் இறங்கிவிட்டது. பழைய பதிவைக் கணினியில் ஏற்ற வழி இருக்கிறது என்கிறார்கள். அதற்காகத் தங்கள் உதவியாளரிடம் புத்தகத்தை நீட்டினேன். முத்திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது வேற ஸ்டேட் வண்டியா? என்.ஓ.சி. வாங்கிட்டு வாங்க" என்றார். மாநிலம் பெயரை மாற்றிக்கொண்டது என்று விளக்கினேன். பெயர் மாற்றம் என்றால் அரசிதழ் நகல் இணைக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள சட்டம்தானே மாநிலத்துக்கும்?

அதே புத்தகத்தில் எச்.பி. முத்திரை ஒன்றும் இருக்கிறது. வண்டிக்குக் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயரில் போட்டது. கடன் அடைந்தது என்று அவர்கள் படிவம் 35-இல் கையெழுத்துப் போட்டால்தான் முத்திரை நீங்கும். கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. நிறுவனம் இருந்த கட்டடத்தில் இப்போது பிரியாணிக் கடை நடக்கிறது. கடைக்காரர் நல்ல மனிதர், எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடத் தயார் என்கிறார். அது செல்லுமா என்று தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னீர்கள். எடுத்திருக்கிறேன். எண்ணைக் கண்டுபிடிக்கவே பெரும்பாடு பட்டோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும், அதன் மேல் கிரீஸும், அதன் மேல் பெயிண்டும் ஏறி இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டினால் அடுக்கடுக்காக வந்தது.

வரி விஷயம் தனி. இத்தனை ஆண்டு வரி பாக்கி என்கிறீர்கள். வண்டி ஓடவே இல்லையே என்றால், ஓடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்கிறீர்கள். நின்றுபோகப் போகிறோம் என்று வண்டி என்னிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். பசுமை வரிதான் புரியவில்லை. இத்தனை காலம் ஒரு பொட்டுப் புகை விடாமல், நாலைந்து கோழிக் குடும்பங்களுக்கு வீடாக இருந்த வண்டி அது. மாவட்டத்திலேயே இவ்வளவு பசுமையான வண்டி வேறொன்று இருந்திருக்காது.

இவ்வளவு அவஸ்தை எதற்கு, உடைக்கக் கொடுத்துவிடுங்கள் என்று தங்கள் அலுவலகத்திலேயே அன்போடு யோசனை சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் அறிவித்த திட்டப்படி, பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் வண்டியைக் கொடுத்துச் சான்று வாங்கினால், புது வண்டிக்குச் சாலை வரியில் சலுகை உண்டு. சொந்த வாகனத்துக்கு 25 சதவீதம் வரை, சரக்கு வண்டிக்கு 15 சதவீதம் வரை. சாகும்போதும் சரக்கு வண்டிக்குப் பத்து சதவீதம் குறைவுதான் என்பதைக் கவனித்தீர்களா? இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மையத்திலும் ஆர்.சி. கேட்பார்கள். கணினியில் இல்லாத வண்டியை உடைக்கவும் முடியாது.

இதற்கிடையே பெட்ரோலையும் மாற்றிவிட்டார்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1960-களின் பெட்ரோல் பம்ப்பில் இருக்கும் ரப்பர் டயாஃப்ரமுக்கும் ஹோஸுக்கும் எத்தனால் ஆகாது, ஊறிப்போய் வெடித்துவிடும். அதையெல்லாம் எத்தனால் தாங்கும் சாமானாக மாற்றிவிட்டேன். இப்படி மாற்றியதால் வண்டி அசல் உருவை இழந்துவிட்டது என்று நாளைக்கு யாராவது சொல்வார்களா என்பதையும் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

எனவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து, இந்த வண்டி இருக்கிறது என்று ஒரு சான்று கொடுக்க வேண்டும். அது முடியாவிட்டால் இல்லை என்று ஒரு சான்று கொடுத்தாலும் போதும். இல்லாத வண்டிக்கு வரியும் கிடையாது, எஃப்.சி.யும் கிடையாது. விடியற்காலையில் டீக்கடை வரை ஓட்டிப் போவேன். யாராவது நிறுத்தினால் சான்றைக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் கவுன்ட்டர் வரிசையில் நிற்கும்,
என்-1 வகைக் குடிமகன்.

பின்குறிப்பு: தங்கள் அலுவலகத்துக்குப் பின்னால், வேப்பமரம் பானட்டைத் துளைத்து வளர்ந்த ஒரு பழைய இலாகா ஜீப் நிற்கிறது. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்து என்பதால் அதுவும் சட்டப்படி இல்லாத வண்டிதான். அதில் இருப்பதும் என் வண்டியின் இன்ஜினேதான்; எட்டிப் பார்த்தேன், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் கார்புரேட்டரும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஏலம் எப்போது என்று சொன்னால் ஸ்பானரோடு வருகிறேன். மரத்துக்கு வனத்துறை அனுமதி தேவைப்பட்டால் அதற்கும் ஒரு மனு எழுதித் தரத் தயார்.