துண்டியல்: நெடுங்கடல் உல்லாசப் பயணம் குறித்த ஓர் ஆராய்ச்சி

உல்லாசக் கப்பற் பயணம் எனப்படுவது, போய்ச் சேர வேண்டிய இடம் என்று எதுவும் இல்லாதவர்கள், போய்ச் சேர வேண்டிய இடம் என்று எதுவும் இல்லாத கப்பலில் ஏறி, புறப்பட்ட துறைக்கே பல நாள் கழித்துத் திரும்பி வருவதாகும். சுற்றிச் சுற்றி வந்து முன்பு நின்ற இடத்திலேயே நிற்றல் என்னும் இப்பண்பினால் அது ஆராய்ச்சித் துறைக்கு மிக நெருங்கிய உறவு. அவ்வுறவை அறிஞர்கள் இதுவரை ஒப்புக்கொள்ளாதது ஏன் என்பது தனியே ஆராயத்தக்கது.

ஆய்வுக்குரிய சொல்லை முதலில் பிரித்துப் பார்ப்பது மரபு; பார்த்தபின் அதனால் ஒரு பயனும் கொள்ளாது விடுவதும் மரபே. ‘க்ரூஸ்’ என்னும் ஆங்கிலச் சொல், குறுக்கும் நெடுக்குமாகச் செல்லுதலைக் குறிக்கும் டச்சு வினை ஒன்றிலிருந்து வந்தது; அவ்வினை சிலுவை என்னும் பொருள்படும் பெயரிலிருந்தும், அப்பெயர் இலத்தீன் ‘க்ரூக்ஸ்’ என்பதிலிருந்தும் பிறந்தன. போர்த்துகீசியர் வழியாகத் தமிழ்க் கிறித்தவர் நாவில் ஏறிய ‘குருசு’ம் அந்த வேரினதே. ஆகவே உல்லாசக் கப்பலும் சிலுவையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது மொழிநூலார் முடிபு. நூறு நாள் கப்பலில் இருந்து திரும்பியவர்களுக்கு இம்முடிபில் ஐயம் எழுந்ததில்லை. மலாய் மொழியில் கப்பலைக் குறிக்கும் ‘காப்பல்’ தமிழிலிருந்து போனது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு வெற்றியால் ஊக்கம் மிகுந்து, ‘க்ரூஸ்’ என்பது ‘குறு ஊசல்’ என்பதன் திரிபு என்று நிறுவப் புறப்படுவோர்க்கு இக்கட்டுரையில் இடமில்லை. அவர்களுக்கு வேண்டிய இடத்தை வேறு பல நூல்கள் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கின்றன.

அடுத்தது அளவு. 2024 ஜனவரியில் முதற்பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பல் 2,48,663 மொத்த டன் கொண்டது என்றதும், அதன் எடை அவ்வளவு என்று எழுதிவிடுவது பலர் வழக்கம். மொத்த டன் என்பது எடையே அன்று. கப்பலின் உள்ளிடம் எவ்வளவு என்பதைக் கொண்டு கணக்கிடப்படும் எண். ஒரு கப்பல் எத்தனை பெரிய மதுப்பீப்பாய்களைக் கொள்ளும் என்று பழந்துறைமுகங்களில் எண்ணி வரி போட்ட பழக்கத்தின் எச்சம் அது. பீப்பாயில் தொடங்கிய அளவை, நாளொன்றுக்கு இவ்வளவு கட்டினால் வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்று சீட்டு விற்கும் கப்பல்களுக்கு இன்றும் பொருந்தி வருகிறது. எடை என்னும் பொருளில் டன் என்ற சொல்லைப் பயணிகளின் பொருட்டு ஒதுக்கிவைப்பது நலம். பயணத்தின் முடிவில் மாறியிருப்பது கப்பலின் டன் அன்று.

இனிச் சான்றுகளின் தகுதி. ‘நேர்மையான பயணி’ என்பார் யாரெனின், தன் காசில் போனவர், போனது அவ்வளவு நன்றாக இல்லை என்று ஒப்புக்கொள்பவர் ஆவார். இவ்விரண்டு இலக்கணமும் ஒருவரிடத்தில் சேர்ந்து அமைவதில்லை என்பதே இத்துறையின் பெருஞ்சிக்கல். 1844-இல் பீ அண்ட் ஓ நிறுவனத்தின் கப்பல்களில் மத்தியதரைக் கடலைச் சுற்றி நூல் எழுதிய ஆங்கில எழுத்தாளர் தாக்கரே, நிறுவனம் கொடுத்த இலவசச் சீட்டில் போனவர். 1867-இல் ‘குவேக்கர் சிட்டி’யில் ஐரோப்பாவுக்கும் புனித நாட்டுக்கும் போன மார்க் ட்வைனின் கட்டணமாகிய 1,250 டாலரைக் கலிபோர்னியச் செய்தித்தாள் ஒன்று கட்டியது. 1995-இல் கரீபியக் கடலில் ஏழு இரவு கழித்து, இனி அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை என்று நூலின் தலைப்பிலேயே அறிவித்த டேவிட் ஃபாஸ்டர் வாலஸை அனுப்பிவைத்தது ‘ஹார்ப்பர்ஸ்’ இதழ். ஆக, முதனூல் செய்த மூவரும் ஓசியில் போனவர்கள். அதனாலேயே உண்மை எழுத முடிந்தவர்கள். தன் காசில் போனவரோ முதன்முறை கேட்டால் ‘பிரமாதம்’ என்பார். மறுமுறை கேட்டால் ‘சாப்பாட்டுக்குக் குறைவில்லை’ என்பார். மூன்றாம் முறை, மனைவி அடுக்களைக்குள் போனபின் கேட்டால்தான் நாற்காலியைப் பற்றிப் பேசத் தொடங்குவார். இவ்வாய்வு மூன்றாம் விடைகளை மட்டுமே சான்றாகக் கொள்ளும். களமாகக் கொள்வது, குளிர்காலத்தில் சவுத்தாம்ப்டனில் புறப்பட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து, பனாமாக் கால்வாய் வழியாகப் பசிபிக்கில் புகுந்து, உலகத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பும் நூறு நாள் வகைப் பயணம்.

உணவு: உண்டு, பின்னும் உண்டு.

நோய்: கப்பலின் இருபுறத்திலும் நீருக்குள் நீளும் துடுப்பு போன்ற தகடுகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்குமே அன்றி, முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்தைக் குறைக்கமாட்டா. ஆட்டம் குறைந்த இடம் கப்பலின் நடுவிலும் அடியிலும். விலை மிகுந்த அறைகள் பெரும்பாலும் உச்சியில். அதிகம் கொடுத்தவருக்கு ஆட்டமும் அதிகமாகக் கிடைப்பதால் வணிக அறம் பிழைக்கவில்லை. பச்சை ஆப்பிளும் இஞ்சியும் மருந்து என்பர்.

பொழுது: மேற்கு நோக்கிச் செல்லும் கப்பலில் சில நாள்களுக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவதால் அந்நாள் 25 மணி நேரம் உடையதாகிறது. இவ்வாறு துளித்துளியாகக் கொடுத்ததையும் இனிக் கொடுக்கப்போவதையும் சேர்த்து, பசிபிக்கின் நடுவே தேதிக்கோட்டைக் கடக்கும்போது ஒரே வீச்சில் ஒரு முழுநாளாகப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அந்த நாளில் பிறந்தவருக்கு அவ்வாண்டு வயது ஏறியதா என்பது ஒரு வழக்கு. இல்லாத அந்நாளுக்குப் பணியாளர் அன்பளிப்புத் தொகை கணக்கில் ஏறியதா என்பது மற்றொரு வழக்கு. இதனை விசாரிக்க வரவேற்பு மேசையின் முன் நிற்கும் வரிசை முன்னதற்கு நிற்பதினும் நீளமானது.

இனி நூலின் உயிர்நிலையாகிய நாற்காலிக்கு வரலாம். மேல்தளத்தில் நீச்சற்குளத்தைச் சுற்றிலும் போடப்பட்டுள்ள, கால் நீட்டிப் படுக்கத்தக்க சாய்வுக் கட்டிலையே இவ்வாய்வு நாற்காலி என்கிறது. அவற்றுட் சிலவற்றுக்குக் கால் ஆறு இருத்தலின் இது காரணப்பெயரா, இடுகுறிப்பெயரா என்னும் வினாவைப் பெருந்தன்மையோடு விட்டுவிடலாம். பயணிகளின் தொகைக்கு நாற்காலிகளின் தொகை காணாது. ஆகவே விடியுமுன் எழுந்து, கப்பல் கொடுத்த துண்டை ஒரு நாற்காலியில் விரித்து, பறக்காதபடி அதன்மேல் ஒரு நூலைக் கவிழ்த்து, கீழே ஒரு சோடிச் செருப்பை வைத்துவிட்டு, மீண்டும் அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்குவது வழக்கமாயிற்று. கடல்நிலமாகிய நெய்தற்குரிய சிறுபொழுது எற்பாடு. அது கதிரவன் மறையும் பொழுதா, தோன்றும் பொழுதா என்பதில் உரையாசிரியர்களுக்குள் பிணக்கு உண்டு. துண்டு விரிப்பது கதிரவன் தோன்றுமுன், எடுப்பது மறைந்தபின் ஆதலால், அப்பிணக்கைத் தீர்க்கும் வாய்ப்பு கப்பலின் மேல்தளத்திற்கே வாய்த்தது.

தமிழ்நாட்டுப் பேருந்தின் சன்னல் வழியாகத் துண்டெறிந்து இடம்பிடித்தலோடு இதனை ஒப்பிடுவோர் உளர். பண்டைக் கடல்வணிகத்தில் முத்தோடும் மிளகோடும் துண்டும் மேற்றிசை போயிற்று என்று கருத்தரங்க மலர் ஒன்றில் இரண்டு பக்கம் வாங்கிவிட அவர்களால் முடியும். ஆனால் பேருந்தில் துண்டு போனதும் பின்னாலேயே உடையவர் முட்டி மோதி வந்து சேர்வார். கப்பலில் உடையவர் வருவதே இல்லை. பனாமாக் கால்வாயின் மடைகள் கப்பலைக் கடல்மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்திலுள்ள காட்டூன் ஏரிக்குத் தூக்கும் நாளில், அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கக் கைப்பிடிக் கம்பி ஓரம் நெருக்கியடித்து நின்றபோதும், பின்னால் வெறிச்சென்று கிடந்த நாற்காலிகளில் துண்டுகள் மட்டும் வரிசை குலையாமல் படுத்திருந்தன என்று மூன்றாம் விடையாளர் பலரும் கூறுவர். இவ்வழக்கைச் சூத்திரம் ஆக்கினால் பின்வருமாறு அமையும்:

ஆளில் வழியும் துண்டுள தாயின்
நாற்காலி உடைமை நாட்டப் படுமே.

இதற்குப் பதினோராம் தளத்துப் பழைய உரைகாரர் (பெயர் தெரியவில்லை, வைக்கோல் தொப்பி மட்டும் தெரியும்) கூறும் பொருள்: ஆள் இல்லாத இடத்தும் துண்டு உள்ளதாயின் நாற்காலியின் உடைமை நிலைநாட்டப்படும். ‘வழியும்’ என்பதிலுள்ள உம்மையை எச்சவும்மையாகக் கொண்டு, ஆள் அமர்ந்திருக்கும் நாற்காலியும் உலகில் எங்கோ உண்டு என்பதை அது தழுவி நின்றது என்பார். குளத்தின் வலப்பக்கத்து உரைகாரர் இதனை மறுப்பார். அவர் கருத்தில் ‘வழியும்’ என்பது நீர் வழிதல் என்னும் வினையடியாகப் பிறந்த பெயரெச்சம். ‘ஆளில் வழியும் துண்டு’ என்றால் ஆள்மேல் கிடந்து சொட்டும் துண்டு. எனவே குளித்தெழுந்தவரின் ஈரத்துண்டுக்கே உரிமை உண்டு, உலர்ந்த துண்டுக்கு இல்லை. இவ்வுரை இலக்கணத்துக்கும் ஒக்கும், நியாயத்துக்கும் ஒக்கும். ஆதலால் கப்பலில் ஒருவரும் இதனை ஏற்கவில்லை. மாறாக, மறுநாள் விடியலிலிருந்து உலர்கட்சியார் தம் துண்டைக் குழாயடியில் நனைத்துப் பிழிந்து விரிக்கலாயினர் என்பதற்கு, நண்பகலில் அப்பளமாய் மொறுமொறுத்த துண்டின் ஓரங்கள் சான்று பகரும்.

மூன்றாம் உரை கிடைக்கவில்லை. ஆயினும் முன்னிருவரும் ‘என்பாரும் உளர், அவர் அறியார்’ என்று ஆங்காங்கே சீறுவதால் அது இருந்திருக்க வேண்டும். அதன் ஆசிரியர் எட்டாம் தளத்து நூலகத்தின் நிழலைவிட்டு அகலாதவர் என்றும், நாற்காலியைக் கண்ணால் கண்டதே இல்லை என்றும், அதனால்தான் அவருரை மற்றவற்றினும் விரிவானது என்றும் செவிவழிச் செய்தி. அவ்வுரைக்கு எழுந்த குறிப்புரையின் அரும்பத விளக்கத்திற்கு எழுதப்பட்ட பிழைதிருத்தம் மட்டும், பஃபே மண்டபத்துக் கைதுடைக்கும் காகிதம் ஒன்றின் பின்புறத்தில் எஞ்சியுள்ளது. அதன்படி முதலடியைத் ‘துண்டு உள தாயின்’ என்று பிரித்து, ‘துண்டு உள்ள தாயினுடைய நாற்காலி’ என இரண்டாம் அடியோடு கூட்டிப் பொருள்கொள்ள வேண்டும். ஒரு துண்டோடு வந்து, தூங்கும் கணவனுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஐந்து நாற்காலியை ஆளும் அன்னையர்க்கே நூலாசிரியர் இச்சூத்திரம் செய்தார். எத்துணை நுட்பம்! அக்காகிதத்தால் யாரோ வாய் துடைத்துவிட்டமையால் எஞ்சிய விளக்கம் சிதைந்துள்ளது. சிதைவுக்குக் காரணம் தக்காளிச் சாறு என்போர்க்கும் மாம்பழக் கூழ் என்போர்க்கும் இடையிலான பூசல், சூத்திரத்தைக் குறித்த பூசலைவிட வாழ்நாள் மிகுந்தது.

பல கப்பல்களில், அரைமணி அல்லது நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆளின்றிக் கிடக்கும் உடைமைகள் அகற்றப்படும் என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். அப்பலகையின் மீதும் துண்டு காயப்போட்டிருப்பதால் அதன் முழுவாசகம் தெரியவில்லை. அகற்ற வேண்டிய ஊழியரோ, பல மாத ஒப்பந்தத்தில் ஊரைவிட்டு வந்து, பயணி பயணத்தின் முடிவில் நிரப்பும் கருத்துப் படிவத்துக்கு அஞ்சி வாழ்பவர். அவர் துண்டைத் தொடமாட்டார், மடிப்பை மட்டும் சரிசெய்துவிட்டுப் போவார்.

கடல்: நாற்காலி காண்க.

இறங்குமுன் வரும் கடைசி இரவில் பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்பது விதி. மறுநாள் காலையில் உடுத்த வேண்டியதையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, இரவுச்சட்டையோடு சவுத்தாம்ப்டனில் கரையேறுவோர் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு என்பர். பதினோராம் தளத்தில், குளத்தை ஒட்டிய மூன்றாம் நாற்காலியில், நீலக்கோட்டுத் துண்டின்மேல் அட்லாண்டிக்கில் கவிழ்த்த நூல் ஒன்று பசிபிக்கிலும் அதே பக்கத்தில் கவிழ்ந்தே இருந்தது என்பதிலும், அதன் உடையவரை எவரும் கண்டதில்லை என்பதிலும் மூன்றாம் விடையாளர் அனைவரும் ஒருவாய்ப்பட நிற்கின்றனர். குளத்தருகே கொடுக்கும் துண்டு அறைச்சீட்டில் பதிவாகும் ஆதலின், திருப்பித் தராத துண்டுக்குரிய தொகை, கடைசி நாள் விடியலில் கதவிடுக்கில் செருகப்படும் கணக்குத் தாளில் மதுவுக்கும் நிழற்படத்துக்கும் கீழே, ‘துண்டு, 1’ என்று தவறாமல் ஏறிவிடும். இதனைக் கொண்டு உடையவரை ஐயமற நிறுவிவிடலாம் என்று கருதி நான்காம் முறையும் அணுகியபோது, நேர்மையான பயணிகளுள் ஒருவரும் அந்தத் தாளைக் காட்ட இசையவில்லை.