மச்சானும் மூன்றாம் வாய்ப்பாடும்

வெளிநாடு போகப் பணம் வேண்டும் என்று நினைப்பவர்கள் என் மனைவியின் அண்ணனைச் சந்தித்ததில்லை. கருவூலத் துறையில் ஆயுள் முழுக்கப் பிறர் பில்களைத் திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவர். 'வவுச்சர் இணைக்கப்படவில்லை', 'கையொப்பம் தெளிவில்லை', 'எந்த அரசாணையின்படி?' என்று சிவப்பு மையில் எழுதிப் பழகிய கை, ஓட்டலில் பில் வந்தால்கூடத் தானாகப் பேனாவைத் தேடும். அவர்தான் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே, "மாப்பிள்ளை, பாங்காக் போயிட்டு வந்துடலாமா? கொடைக்கானலுக்கு ஆகிற செலவுதான்" என்றார். அண்ணன் வாயிலிருந்து செலவு யோசனை வந்ததில் என் மனைவிக்குப் புரையேறியது.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. சென்னையிலிருந்து நேர் விமானம் என்றால் மூன்றரை மணி நேரம்தான். முன்பெல்லாம் இறங்கியதும் வரிசையில் நின்று 2,000 பாட் கட்டி விசா வாங்க வேண்டும். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு அதை விலக்கினார்கள். 2024 ஜூலையில் 60 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம் என்றார்கள். இந்த மாதிரி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. 2025 மே மாதத்திலிருந்து இன்னொரு வேலையும் உண்டு. போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. ஆனால் அசலைப் போலவே முகப்பு வைத்துக்கொண்டு டாலர் பிடுங்கும் போலித் தளங்களும் இருக்கின்றன. "காசு கேட்டா அது அசல் ஆபீஸ் இல்லே மாப்பிள்ளை" என்று மச்சான் தீர்ப்புச் சொன்னார். அரசாங்க அலுவலகத்தைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது.

மலிவு விமானத்தில் டிக்கெட் விலை என்பது பேச்சுவார்த்தையின் தொடக்கம். உட்கார இடம் தேர்ந்தெடுத்தால் தனிக் காசு, பெட்டி போட்டால் தனிக் காசு, சாப்பிட்டால் தனிக் காசு. கையில் கொண்டு போகும் 7 கிலோ மட்டும் இலவசம். மச்சான் இதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். வீட்டில் பழைய பேப்பர்காரரிடம் கடன் வாங்கிய தொங்கு தராசில் எங்கள் பைகளை மாட்டினார். என் பை 9 கிலோ. இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், ஒரு பேண்ட் எடுத்து என் மேலேயே மாட்டிவிட்டார். "உன்னை எடை போட மாட்டாங்க" என்றார். மே மாதச் சென்னையில் ஸ்வெட்டரோடு ஆட்டோவில் போனவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மனைவியின் பையில் வேறு பிரச்சினை. புளிக்காய்ச்சல். 100 மில்லிக்கு மேல் திரவம் கைப்பையில் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். புளிக்காய்ச்சல் திரவமா, திடமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. பாதுகாப்புச் சோதனையில் இருந்த அம்மா பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். அது நகர்ந்தது. நகர்ந்தால் திரவம். என் மனைவி, "எங்க வீட்டுப் புளிக்காய்ச்சல் நகரவே நகராதுங்க, சூட்டுல இளகியிருக்கு" என்று வாதாடிப் பார்த்தாள். பலிக்கவில்லை. இட்லிப் பொடி தப்பியது. ஆகவே பொடியாக உள்ளதை நம்புங்கள். குழம்பாக உள்ளதை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பாங்காக்கில் இறங்கியதும் மச்சான் தன் பொருளாதாரக் கொள்கையை அறிவித்தார். ஒரு பாட் என்பது இரண்டரை ரூபாய்க்கு மேல். கணக்குக்கு எளிதாக இருக்க எதையும் மூன்றால் பெருக்குவது. அப்படிப் பெருக்கினால் எல்லாம் விலை அதிகமாகத் தெரியும், வாங்கத் தோன்றாது, மிச்சமும் ஆகும். தண்ணீர் பாட்டில் 10 பாட், "முப்பது ரூபா!" இளநீர் 50 பாட், "நூத்தம்பது ரூபா! பொள்ளாச்சியில தோப்பே வாங்கலாம்." ஆனால் அவருக்கு ஐஸ்கிரீம் பிடிக்கும். அதை வாங்கும்போது மட்டும் இரண்டால் பெருக்கினார். கேட்டதற்கு, "பேங்க்ல இன்னிக்கு ரேட் இறங்கியிருக்கும்" என்றார்.

பணம் மாற்றுவதில் அவர் பேச்சை அப்படியே கேட்கலாம். ரூபாய் நோட்டை அங்கே கொண்டுபோய் மாற்றினால் அடிமாட்டு விலைக்குத்தான் எடுப்பார்கள். டாலர் கொண்டுபோவது மேல், அதிலும் 100 டாலர் நோட்டாக. சில்லறை டாலருக்கு ரேட் குறைவு. "ஒரே நாட்டு நோட்டு, அதிலேயும் உசத்தி தாழ்த்தியா?" என்று மச்சான் மாற்றுக் கடை வாசலில் வெகுநேரம் நொந்துகொண்டார். விமான நிலையத்தில் பஸ் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மிச்சத்தை ஊருக்குள் இருக்கும் சூப்பர்ரிச் மாதிரிக் கடைகளில் மாற்றினால் கண்கூடாக லாபம். ஏடிஎம்மில் எடுத்தால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் பிடித்துக்கொள்கிறார்கள். எடுப்பதை ஒரே தடவையில் எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, "உங்கள் கணக்கில் ரூபாயாகவே கழிக்கட்டுமா?" என்று மெஷின் கேட்கும். சரி என்று அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் ரேட். பாட்டிலேயே கழிக்கச் சொல்லுங்கள். "தானா வந்து உதவி பண்றேன்னு சொல்ற கவுண்ட்டரை நம்பாதே" என்பது மச்சானின் பணி அனுபவம்.

டான் முவாங் விமான நிலைய வாசலில் டாக்சிக்காரர்கள் சூழ்ந்தார்கள். மச்சான் அவர்களைப் பிளந்துகொண்டு ஏ1 பஸ்ஸை நோக்கி நடந்தார். மோ சிட் ரயில் நிலையம் வரை 30 பாட். அங்கிருந்து மேம்பால ரயில். நான் ஸ்வெட்டரோடு பின்னால் போனேன்.

பாங்காக்கில் மலிவு விலையில் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள் படகு என்பது என் கட்சி. சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறினால் எங்கே இறங்கினாலும் 16 பாட். அதே ஆற்றில், அதே தண்ணீரில், நீலக் கொடி கட்டிய சுற்றுலாப் படகு அதற்குப் பக்கத்திலேயே நின்று கூடுதலாகக் கேட்கும். ஆற்றைக் குறுக்கே கடந்து வாட் அருண் கோயிலுக்குப் போக 5 பாட்.

இதெல்லாம் அமைதியான படகுகள். சாகசம் வேண்டுமென்றால் சேன் சேப் கால்வாய்க்குப் போக வேண்டும். நகரத்தின் நடுவே ஓடும் ஒடுங்கிய கால்வாய் அது. ஆபீஸ் போகிறவர்கள் டிராஃபிக்கிலிருந்து தப்பிக்க அதில் போகிறார்கள். தண்ணீர் கறுப்பு. வாசனையைப் பற்றிக் கூவம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படகு துறையில் நிற்பதாகச் சொல்ல முடியாது, துறையை உரசுகிறது. அந்த உரசலுக்குள் பத்துப் பேர் இறங்கி இருபது பேர் ஏறிவிட வேண்டும். மச்சான் 'ஒன் மினிட்' என்று கை காட்டியதைப் படகு பொருட்படுத்தவில்லை. பின்னால் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பெண் அவரை முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டு, பிறகு கைகூப்பி வணக்கமும் சொன்னாள்.

கண்டக்டர் ஹெல்மெட் போட்டிருந்தார். படகில் ஏன் ஹெல்மெட் என்று யோசித்து முடிப்பதற்குள் பாலம் வந்தது. அவர் படகுக்கு வெளியே, ஒரு சாண் அகல விளிம்பில், ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி நடந்து நடந்து டிக்கெட் கிழிக்கிறார். பாலம் வந்தால் குனிகிறார். தாழ்ந்த பாலம் என்றால் படகின் கூரையே கீழே இறங்குகிறது. பக்கவாட்டில் நீளமாகத் தார்ப்பாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் திரை. எதிரே படகு வரும்போது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கயிற்றை இழுத்துத் திரையை உயர்த்த வேண்டும். இல்லையென்றால் அந்தக் கறுப்புத் தண்ணீர் வரிசை முழுக்க எல்லோர் மேலும் வரும். ஓரத்தில் உட்கார்ந்திருந்தது என் மனைவி. முதல் அலைக்கு அவள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நம்மூர் 21ஜி பஸ்ஸாக இருந்தால் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். இரண்டாவது அலையிலிருந்து அவள் கிணற்றில் தண்ணீர் இறைப்பவளைப் போல விடாமல் கயிற்றை இழுத்தாள். மச்சான் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்துவிட்டு, "இருபது பாட்டுக்குள்ள முடிஞ்சுது. இதுல தினம் ரெண்டு தடவை போகலாம்" என்றார். போனோம்.

பாங்காக் அரண்மனைக்குப் போகிற வழியில்தான் ஒரு மனிதர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நல்ல ஆங்கிலம். இன்று புத்த விசேஷம், அரண்மனை மாலை வரை மூடியிருக்கிறது, அதுவரை அதிர்ஷ்ட புத்தரைப் பார்த்துவிட்டு வரலாம், டுக்-டுக் வெறும் 20 பாட்தான் என்றார். பாங்காக்கின் பழைய ஏமாற்று இது. 20 பாட் டுக்-டுக் கடைசியில் ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோதான் போய் நிற்கும். நான் விலகப் பார்த்தேன். மச்சான் நின்றுவிட்டார்.

"ஹாலிடேயா? ஆர்டர் எங்கே?"

அந்த மனிதருக்குப் புரியவில்லை.

"கவர்ன்மென்ட் ஆர்டர். நம்பர் என்ன? டேட் என்ன? யார் சைன் பண்ணியிருக்காங்க?"

அவர் அடையாள அட்டையைத் தொட்டுக் காட்டினார். மச்சான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அட்டையைப் பிடித்துப் படித்தார். "இதுல சீல் இல்லையே?" அந்த ஆள் ஒரு அடி பின்வாங்கினார். "வேலிடிட்டி டேட்டும் இல்லை." ஆள் சாலையைக் கடந்து போய்விட்டார். மச்சான் பணியில் இருந்த காலம் திரும்பியதுபோல மலர்ந்திருந்தார். அரண்மனை திறந்துதான் இருந்தது.

திறந்திருந்ததில் அவருக்கு ஒரு வருத்தமும் உண்டு. நுழைவுக் கட்டணம் 500 பாட். மூன்றால் பெருக்கினார். போதாததற்கு அரைக்கால் சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள்; எதிர்க் கடையில் யானைப் படம் போட்ட தொளதொள பேண்ட் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. "வேட்டி கட்டிட்டு வந்திருந்தா இந்தச் செலவு உண்டா?" என்றார். மதில் நன்றாக இருக்கிறது, வெளியே நின்று பார்த்தால் போதும் என்ற முடிவுக்கு அவர் வந்தபோது என் மனைவி, "அண்ணே, இவ்வளவு தூரம் வந்து காம்பவுண்டு சுவரையா பார்க்கிறது?" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றி மண்டபச் சுவரில் ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 படங்களாகத் தீட்டப்பட்டிருக்கிறது. மச்சான் மனக்கணக்குப் போட்டார். ஐந்நூறை நூற்று எழுபத்தெட்டால் வகுத்தால் படம் ஒன்றுக்கு மூன்று பாட்கூட இல்லை. அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு படம் விடாமல் பார்த்தார். அந்த ஊர் அனுமார் பிரம்மச்சாரி இல்லை, ராவணனின் மகளான கடற்கன்னியையே காதலித்தவர் என்று நான் சொன்னதும், "யாரைக் கேட்டு?" என்றார். எங்கள் தெரு ஆஞ்சநேயர் கோயிலுக்கு வடைமாலை சாத்துகிறவர் அவர். அடுத்த நாலைந்து படங்களைச் சற்று வேகமாகக் கடந்தார்.

சாப்பாட்டில் சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காய்கறிப் பொரியல் என்றாலும் மீன் சாஸ் இருக்கும். பப்பாளிக் காய் சாலட்டில் உலர்ந்த இறால் இருக்கும். மஞ்சள் துணியில் சிவப்பாக 17 என்று எழுதியது போன்ற தாய் எழுத்துள்ள கடைகளைத் தேடுங்கள். அங்கே மீன் சாஸும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. இந்திய ஓட்டலுக்குப் போனால் ஒரு தோசைக்குக் கொடுக்கிற காசில் தெருக் கடையில் இரண்டு பேர் சாப்பிடலாம். அவசரத்துக்கு மூலைக்கு மூலை செவன் இலெவன் இருக்கிறது, சூடு பண்ணிக் கொடுப்பார்கள். நாங்கள் அங்கே ரொட்டி வாங்கி இட்லிப் பொடி தொட்டுச் சாப்பிட்டதைக் கடைப்பையன் படம் எடுத்துக்கொண்டான்.

சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். நம்மவர்களைவிடத் தாய்லாந்துக்காரர்கள்தான் அதிகம், சாமந்தி மாலையோடு பயபக்தியாக வரிசையில். மச்சான் உண்டியலில் இந்தியப் பத்து ரூபாய் போட்டார். ரேட்டை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். அயூத்தியாவுக்கு மூன்றாம் வகுப்பு ரயிலில், 20 பாட்டில், மின்விசிறிக் காற்றில் போய் வந்ததை ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். 1767இல் பர்மியர்கள் அழித்த தலைநகரம் அது. ஆனால் அவர் சொல்வதெல்லாம் டிக்கெட் விலையைத்தான்.

கடைசி நாள் மனைவி ஒரு பெரிய கடையில் பையும் புடவைத் துணியும் வாங்கினாள். ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கினால் 7 சதவீத வாட் வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்கள் என்று பலகையில் போட்டிருந்தது. மச்சான் மூன்று முறை படித்தார். அரசாங்கம் பணத்தைத் திருப்பித் தருவது என்ற செய்தியை அவர் மனம் ஏற்க நேரம் பிடித்தது. படிவத்தை அவரே நிரப்பினார், பில்லை இணைத்தார், குண்டூசி குத்தினார். விமான நிலையத்தில் கவுண்ட்டருக்கு வெளியே, வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் அவருக்கு முன் நின்ற அதே கோலத்தில், கைகட்டி நின்றார். உள்ளே இருந்த பெண் தாளைப் புரட்டினாள். ஓரிடத்தில் பேனாவை வைத்து நிமிர்ந்து பார்த்தாள்.

கையொப்பம் பாஸ்போர்ட்டில் உள்ளது போல இல்லையாம். என் மனைவி மறுபடி கையெழுத்துப் போட்டாள். பில் பாஸாயிற்று. மச்சான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வந்த பணம் அங்கேயே அவர் ஐஸ்கிரீமுக்குச் சரியாகப் போயிற்று. இரண்டால் பெருக்கினாலும்.

போகிறவர்கள் அந்தப் படிவத்தை மறக்காமல் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டின் அசல் கையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் காட்டினால் தர மாட்டார்கள்.