மொய்க்கணக்குக்கு ஒரு சர்வர்

தங்கை கல்யாணத்து மொய் நோட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும். மொத்தம் 400 பெயர். எக்செல் போதுமே என்று வீட்டில் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நேராக போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரை நிறுவுங்கள். 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய வேலை அது. அவர் 2014-ஆம் ஆண்டின் டூரிங் விருது பெற்றவர். ஒரு டேபிளில் 32 டெராபைட் வரை கொள்ளும். எத்தனை தங்கைகள் இருந்தாலும் தாங்கும்.

1. இன்ஸ்டாலர் கேட்கும் எதையும் படிக்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்திக்கொண்டே போங்கள். டேட்டா எந்த ஃபோல்டரில் போய் உட்காரும் என்று ஒரு திரை சொல்லும். அதைக் குறித்துவைப்பவர்கள் பேக்கப் எடுக்கிற ஜாதி. நமக்கு ஆகாது.

2. பாஸ்வேர்டு கேட்கும். அந்த நேரத்தில் வாயில் வந்ததை அடியுங்கள், எங்கும் எழுதிவைக்காதீர்கள். பிறகு கறுப்புத் திரையில் அதையே திரும்பக் கேட்கும்போது, நீங்கள் அடிப்பது எதுவும் தெரியாது. ஒரு நட்சத்திரக்குறிகூட வராது. கீபோர்டு போய்விட்டது என்று முடிவுகட்டி அதைக் கவிழ்த்துத் தட்டுங்கள். மறந்தே போனால் pg_hba.conf என்ற ஃபைல் இருக்கிறது. அதில் ‘டிரஸ்ட்’ என்று மாற்றி சர்வரை மறுபடி ஓட்டினால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடும். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும்தான். வேலை முடிந்த பிறகு யாருக்கு அந்த ஞாபகம்?

3. போர்ட் எண் 5432. மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, எஸ்கியூஎல் சர்வருக்கு 1433, ஆரக்கிளுக்கு 1521. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்ல உதவும்.

4. நிறுவி முடித்ததும் திரையில் ஒன்றும் நடக்காது. அதுதான் வெற்றி. சர்வர் பின்னணியில் சர்வீஸாக ஓடும். கணினியைப் போடும்போதெல்லாம் தானே எழுந்துகொள்ளும். இது தெரியாமல் ஐகானைத் தேடி டெஸ்க்டாப் முழுக்க அலையுங்கள். கிடைக்காவிட்டால் இன்னொரு முறை நிறுவுங்கள்.

5. வெளியூரிலிருந்து அண்ணனும் கணக்கைப் பார்க்க வேண்டுமா? ஃபயர்வாலை அணைத்துவிடுங்கள். 2003 ஜனவரியில் ‘ஸ்லாமர்’ என்ற புழு, வெறும் 376 பைட், எஸ்கியூஎல் சர்வர்கள் வழியே பத்தே நிமிடத்தில் உலகமெங்கும் பரவியது. மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்சை ஆறு மாதம் முன்பே கொடுத்திருந்தது. மாட்டியவர்களில் பலருக்குத் தங்கள் கணினியில் டேட்டாபேஸ் சர்வர் இருப்பதே தெரியாது. வேறு ஏதோ மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நீங்கள் தெரிந்தே வைத்திருக்கிறீர்கள்.

6. கறுப்புத் திரையில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியலாம். தொகை மட்டும் பளிச்சென்று தெரியும். 101 வைத்த சித்தப்பா யார் என்பது வெளியே வராது. குடும்ப ஒற்றுமைக்கு இதைவிட நல்ல வசதி இல்லை.

7. புதிய பதிப்பு வந்ததும் பழையதை நீக்காமல் பக்கத்திலேயே நிறுவுங்கள். 5432-ஐப் பழைய சர்வர் பிடித்துவைத்திருப்பதால் இன்ஸ்டாலர் 5433-ஐ எடுத்துக்கொள்ளும். இனி உங்களிடம் இரண்டு சர்வர். ஒன்றில் மொய் இருக்கிறது, மற்றது காலி. நீங்கள் திறப்பது எப்போதும் காலியாக இருப்பதையே.

8. எஸ்கியூலைட் என்று ஒன்று உண்டு. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் எழுதியது. சர்வர் கிடையாது, போர்ட் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல். காப்பியடித்து பென்டிரைவில் போட்டால் பேக்கப் முடிந்தது. உங்கள் செல்போனுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதில் நிறுவுவதற்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் அதற்கு இப்படிக் கையேடு எழுத யாரும் முன்வருவதில்லை.