படுத்தால் அடைக்கும் மூக்கு

கேள்வி: பகலெல்லாம் சமர்த்தாக இருக்கும் என் மூக்கு, படுத்ததும் அடைத்துக்கொள்கிறதே! தூங்க என்ன வழி? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடி, மூக்கின் உட்சவ்வு வீங்கும். ஒருக்களித்தால் கீழ்ப்பக்கத் துவாரம் அடைக்கும்; புரண்டால் அடைப்பும் கூடவே புரளும். அடைத்திருப்பது பெரும்பாலும் வீக்கம்தான் என்பதால் சிந்திச் சிந்திப் பயனில்லை. இன்னொரு தலையணை வைத்துத் தலையை உயர்த்துங்கள். மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டு விடலாம்.

தைலமா? அதிலுள்ள மெந்தால் மூக்கின் வழியைத் திறப்பதில்லை. குளிர்ச்சி உணரும் நரம்பை ஏமாற்றுகிறது. ஏமாந்து தூங்கினாலும் தூக்கம்தானே, தடவிக்கொள்ளுங்கள். (கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம்.)

சைலோமெட்டசோலின் சொட்டு மருந்திடம்தான் ஜாக்கிரதை. சில நிமிடங்களில் மூக்கு திறந்துவிடும். 5 நாளுக்கு மேல் தொடர்ந்தால், நிறுத்தியதும் முன்னிலும் மோசமாக அடைக்கும். அதற்கு மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு... புட்டியைத் தலையணைக்கடியில் வைத்தே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஒவ்வாமையா, மூக்குத்தண்டு வளைவா, சதை வளர்ச்சியா என்று பார்ப்பார். கணவரையும் அழைத்துப் போங்கள். உங்கள் குறட்டை பற்றிச் சாட்சி சொல்ல அவர் காத்திருப்பார்.