மூணு நாள் கத்துவான்

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் ஏலக்காய் வாங்க வரும் வியாபாரியைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் ஒரு சின்ன மாதிரிப் பை வரும். தட்டில் கொட்டி விரலால் அளைவார். ஒரு காயை நகத்தால் பிளந்து உள்ளே அரிசி கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். மோந்து பார்ப்பார். எட்டு மில்லிமீட்டரா, ஏழரையா என்று சல்லடை சொல்லும். லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்று தராசு சொல்லும். தோட்டத்துப் பச்சையா, சாயப் பச்சையா என்பதை அவர் கண்ணே சொல்லிவிடும். கம்பத்தில் பன்னீர் திராட்சைக்கும் இதே மரியாதைதான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. கொத்தைத் தூக்கி உலுக்கிப் பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை பேசுவதில்லை. மாடு என்றால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம். மாப்பிள்ளை என்றால் பக்கத்து ஊர் டீக்கடை வரைக்கும் போய் விசாரிப்போம்.

இத்தனை சூதானமான ஊரில்தான் என் அத்தை மகனைக் கொண்டுபோய் விட ஒரு போதை மறுவாழ்வு மையம் பார்த்தோம். விசாரணை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஓர் ஆட்டோவின் முதுகில் நம்பர் எழுதியிருந்தது. அத்தை அதைப் போட்டுப் பேசி ஐயாயிரம் அட்வான்ஸ் அனுப்பிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். ‘நூறு சதவீதம் குணம்’ என்று அதே ஆட்டோவில் எழுதியிருந்ததாம். நூறு சதவீதம் பச்சை என்று ஒருவன் ஏலக்காய் விற்றால் இந்த ஊரில் அவன் சாக்கைப் பிரிக்கக்கூட விட மாட்டார்கள்.

அத்தை மகன் ஜீப் டிரைவர். விடியுமுன் கம்பத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் ஸ்டியரிங்கில் கை நிற்கும் என்கிற நிலைக்கு வந்திருந்தான். கடை பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும் என்பது சட்டம். விடியற்காலை ஐந்துக்கு எங்கே கிடைக்கும் என்பதைச் சட்டத்தைத் தவிர எல்லோரும் அறிவார்கள்.

மையம் ஊருக்கு வெளியே, தென்னந்தோப்புக்கு நடுவில். முன்னறையில் கண்ணாடி மேசை, வரிசையாக ஷீல்டுகள், பிரமுகர் ஒருவர் ரிப்பன் வெட்டும் படம், பென்னிகுக் காலண்டர். எங்கள் பக்கத்தில் பென்னிகுக் படம் இல்லாத சுவர் குறைவு. மேற்கே ஓடிய தண்ணியை 1895-இல் கிழக்கே திருப்பிவிட்ட மனிதர். இந்தத் தண்ணியை யார் திருப்புவது என்று அவரிடமே கேட்கலாம் போலிருந்தது.

மேனேஜர் கனிவானவர். முன்னாள் குடிகாரர் என்று தானே சொல்லிக்கொண்டார். அதில் தப்பில்லை, குடியை விட்டவன் குடிப்பவனுக்குக் கை கொடுப்பதுதான் 1935-லிருந்து உலகெங்கும் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களின் ஆதாரமே. அங்கே கட்டணம் கிடையாது, பூட்டும் கிடையாது. இங்கே இரண்டும் இருந்தன.

“மாசம் பன்னெண்டாயிரம் சார். மூணு மாச பேக்கேஜ். பிக்கப் ஃப்ரீ.”

“டாக்டர் உண்டா?”

“வாராவாரம் வந்துருவாரு சார்.”

“என்னைக்கி?”

“வர்ற அன்னைக்கி சார்.”

“ராத்திரி வலிப்பு வந்தா?”

“வராது சார்.”

“வந்துட்டா?”

அவர் அத்தையைப் பார்த்துச் சிரித்தார். படித்தவனுக்குப் பதில் சொல்லுமுன் இப்படி ஒரு சிரிப்பு வேண்டியிருக்கிறது. “மூணு நாள் கத்துவான்மா. யாரு யாரையோ கூப்புடுவான், சுவத்துல பூச்சி ஓடுதும்பான். அம்புட்டும் நடிப்பு. நாலாவது நாள் பூனைக்குட்டி மாதிரி ஆயிருவான்.”

அந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. பல வருஷம் தினமும் குடித்தவன் ஒரேயடியாக நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும், வாந்தி வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது தெரியும், காய்ச்சல் ஏறும், நெஞ்சு படபடக்கும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று மருத்துவம் அதற்குப் பேர் வைத்திருக்கிறது. மையம் நடிப்பு என்று வைத்திருக்கிறது. கவனிக்காமல் விட்டால் ஆள் போய்விடுவான். சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுவான். ஓபியம் நிறுத்தினால் உயிர் வாதைப்படும். சாராயம் நிறுத்தினால் உயிரே போகலாம். இந்த வித்தியாசம் தெரியாதவன் நடத்தும் இடத்தில் மூன்று நாள் கத்தியவன் நாலாவது நாள் அமைதியாகிறான் என்றால், அது எந்த அமைதி என்று போய்ப் பார்க்க வேண்டும்.

மேனேஜரின் யோசனை இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குப் போன பிறகு ‘குடிப்பவருக்குத் தெரியாமல்’ சாம்பாரில் கலக்க மாத்திரை தருவாராம். டைசல்ஃபிராம் வகை மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு இதயமே நின்றுவிடும். சாப்பிடுகிறவன் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து அது. ஆளுக்குத் தெரியாமல் சோற்றில் கலப்பதற்கு நம் ஊரில் வேறு பேர் உண்டு, அதை ஆட்டோவில் எழுத மாட்டார்கள்.

சட்டம் இல்லாமலா? பேஷாக இருக்கிறது. 2017-இல் இயற்றி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதையாலும் வரும் மனநிலைச் சிக்கல்களையும் மனநோய்க் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. ஆக, அவற்றுக்காக ஆளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. அவரவர் துணியை உடுத்த விட வேண்டும். போனில் பேச விட வேண்டும், பார்க்க வருகிறவரைப் பார்க்க விட வேண்டும். குறை சொல்ல வேண்டிய மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் போன் நம்பரும் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்த முன்னறையில் இருந்ததெல்லாம் ரிப்பன் வெட்டியவரின் முகம்தான்.

“போன்ல பேசலாமா?”

“ஒரு மாசம் நோ போன் சார். பேசுனா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவான்.”

“பார்க்க வரலாமா?”

“ஒங்களப் பார்த்தா அழுவான். ட்ரீட்மென்ட் கெட்டுரும்.”

பதிவுச் சான்றிதழைக் கேட்டேன். அப்ளை பண்ணியிருக்கிறதாம். எப்போது என்று கேட்டால், பண்ணியபோது.

பதிவு இல்லாமல் நடத்தினால் தண்டனை என்ன என்று பாருங்கள்: முதல் தடவை பிடிபட்டால் ஐயாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை அபராதம். குறைந்தபட்ச அபராதமும் அத்தை கட்டிய அட்வான்ஸும் ஒரே தொகை. அதிகபட்சம் என்றால் ஏறக்குறைய நாலு பேருடைய ஒரு மாதக் கட்டணம். உள்ளே வரிசையாகப் படுத்திருக்கும் நாற்பது பேரில் நாலு பேரை ஒரு மாதம் அரசாங்கத்துக்கு நேர்ந்துவிட்டால் கணக்கு முடிந்தது. ரோட்டோர இட்லிக் கடைக்காரன் இதைவிடப் பயந்து பிழைக்கிறான்.

உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். தயங்கினார். அத்தை, “அடுப்படியவாச்சும் காட்டுங்க தம்பி” என்றார். பெண் கொடுக்கப் போன இடத்தில் அடுப்படியைப் பார்க்கும் பழக்கம். இரும்புக் கிராதி, அதற்குப் பின்னால் நீள ஹால், பாய்கள். ஒரே மாதிரி காக்கி அரைக்கால் சட்டை, ஒரே மாதிரி மொட்டை. ஒருவர் மட்டும் எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். நாங்கள் யாரென்று தெரியாமலே கும்பிட்டார். கிராதியில் பூட்டு வெளிப்பக்கம் தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டேன். வார்டன் இடுப்பில் இருக்கிறதாம். வார்டன் எங்கே? கம்பம் போயிருக்கிறாராம்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது சங்கிலியில் இருந்த 28 பேர் கருகினார்கள். நாடே அழுதது. உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. அதற்குப் பிறகு 21 வருஷம் கழித்து, 2022 மே மாதம், தலைநகரத்தின் நட்டநடுவே ராயப்பேட்டையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சிகிச்சைக்கு வந்தவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்கு, மையத்துக்குச் சீல். மறு வருஷம் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தில் சேர்க்கப்பட்டவர் எங்கே என்று கேட்டு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான், உரிமம் இல்லாமல் அந்த இடம் நடந்துவந்தது அதிகாரிகள் கண்ணுக்குத் தெரிந்தது. நம் அதிகாரிகளுக்குக் கண் பிணவறையில்தான் திறக்கிறது.

பிக்கப் எப்படி என்று அத்தை கேட்டார். “ராத்திரி பத்து மணிக்கு மேல வருவோம்மா. கடை அடைச்சப்புறம்தான் ஆளு கைக்குக் கெடைப்பான். நாலு பேரு. கை காலக் கட்டிருவோம். பக்கத்து வீட்ல கேட்டா ஆஸ்பத்திரின்னு சொல்லிருங்க.”

எனக்கு அரிக்கொம்பன் ஞாபகம் வந்தது. 2023 மே 27-ஆம் தேதி அந்த யானை கம்பம் தெருக்களில் ஓடியபோது 144 போட்டார்கள். ஒருவர் உயிர் போனது. அதைப் பிடிக்கக் கும்கிகள் வந்தன. மயக்க ஊசியின் அளவைக் கால்நடை மருத்துவர்கள் கணக்குப் போட்டார்கள். ஜூன் 5-ஆம் தேதி பிடித்து, லாரியில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, களக்காடு முண்டந்துறை வரை கொண்டுபோய் விட்டார்கள். கழுத்தில் ரேடியோ காலர். இன்றைக்கு எங்கே நிற்கிறது, நன்றாகத் தின்கிறதா என்று அரசாங்கமே அறிக்கை விட்டது. செய்ய வேண்டியதுதான், யானைக்குச் செய்ததில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதே கம்பத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஜீப் டிரைவரை நாலு பேர் கட்டித் தூக்கிப்போனால் மருத்துவரும் இல்லை, காலரும் இல்லை, மறுநாள் எங்கே நிற்கிறான், தின்றானா என்று கேட்க நாதியும் இல்லை. தும்பிக்கை இல்லாமல் பிறந்தது அவன் பிழை.

இவனை உண்டாக்கிய கம்பெனியையும் பார்த்துவிடுவோம். டாஸ்மாக் 1983-இல் தொடங்கியது. 2003-லிருந்து சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துகிறது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிவிட்டோம் என்று மார்தட்டிய பிறகும் 4,829 கடைகள் மிச்சமிருந்தன. 2024-25-இல் வருமானம் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இதைக் கவனிக்கும் இலாகாவின் பேர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. பேரில் மதுவிலக்கு முதலில் வரும், வரவு ஆயத்தீர்வையில் வரும். நீலகிரியில் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் கண்டித்ததால் 2022-இல் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்க ஆரம்பித்தார்கள். காலி பாட்டிலுக்கு வழி பிறந்தது. அதைக் காலி செய்தவனைத் திரும்ப வாங்கிக்கொள்ள எந்தக் கவுன்ட்டரும் கிடையாது. அவனைத் தனியாருக்குத் தள்ளிவிட்டாகிவிட்டது.

கவுன்ட்டரே இல்லை என்பது கோபத்தில் சொன்னது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்று ஒரு இலவச எண் இருக்கிறது. 1980-இலேயே சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிப்பவரோடு சேர்த்துக் குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்று செய்து காட்டியது. நல்ல இடங்கள் உண்டு. ஆனால் எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019-இல் சொன்ன கணக்கு: குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையை எட்டுகிறார். மீதி 37 பேர் ஆட்டோவின் முதுகைப் படிக்கிறார்கள்.

நாமும் யோக்கியமில்லை. பையன் எங்கே என்றால் “திருப்பூர்ல வேல” என்கிறோம். மூன்று மாதம் கண்ணில் படாமல் இருந்தால் போதும், அவன் எப்படி இருந்தான் என்பது இரண்டாம்பட்சம். நாம் அந்த இடத்துக்குக் கட்டும் பணத்தில் பாதி மருந்துக்கு, பாதி ஊர் வாய்க்கு. அது தெரிந்துதான் பிக்கப்பை ராத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் அத்தை வேண்டாம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கும்பிட்டவரைப் பார்த்ததிலிருந்து, பிக்கப்பைக் கேட்டதைத் தவிர, அவர் பேசவே இல்லை. மறுநாள் காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு கே.விளக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதென்று முடிவானது. பஸ்ஸில்தான் போக வேண்டும். அவன் கை ஸ்டியரிங்குக்கு ஆகாது. திரும்பி உள்ளே போய் அட்வான்ஸைக் கேட்டோம்.

மேனேஜர் முகத்தில் அந்தக் கனிவு மாறவேயில்லை. மேசை டிராயரைத் திறந்து ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைக் காட்டினார். அத்தையின் பேர், ஐயாயிரம், தேதி. எதற்காக என்ற இடத்தில் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தது.

“நன்கொடையத் திருப்பிக் கேக்கக் கூடாதும்மா, பாவம்.”

அத்தை அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். கிராதிக்குப் பின்னால் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

“எத்தன நாளாச்சு இவன் வந்து?” என்றார் அத்தை.

“ரெண்டாவது நாள்மா.”