அட்வான்ஸ் மீட்சி: ஒரு திணையியல் ஆய்வு

அகத்திணை மரபு அழிந்துவிட்டது என்று கருதும் அறிஞர்கள் சென்னையில் வாடகைக்குக் குடியிருந்திருக்க மாட்டார்கள். வீட்டைக் காலி செய்தவனுக்கும் அவன் கொடுத்த அட்வான்ஸுக்கும் நடுவே அம்மரபு இன்றும் குறைவின்றி வாழ்கிறது. பிரிவு, காத்திருப்பு, ஊடல், இரங்கல் எல்லாம் உண்டு. புணர்ச்சி மட்டும் அரிது. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டலாகாது என்பது விதி; ஆகவே எந்த ஹவுஸ் ஓனரின் பெயரும் இக்கட்டுரையில் வராது.

முதலில் தொகையைப் பார்த்துவிடலாம். பத்து மாத வாடகை என்பது நகரத்தின் நெடுநாள் வழக்கு. ஐந்து, ஆறு என்று இறங்கிவந்த தெருக்களும் உண்டு. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. தெரு கேட்கவில்லை. அதன் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டம் மூன்று மாதம் என்றது. இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய என்று ஒரு பின்வாசலையும் திறந்துவைத்தது. ஒப்பந்தத்தை டைப் அடித்துக் கொண்டுவருபவர் ஓனர், கையெழுத்துப் போடுபவர் நாம். பத்து மாதம் அந்த வாசல் வழியே நிமிர்ந்து நடந்து உள்ளே வருகிறது. வாடகை 20,000 என்றால் அட்வான்ஸ் 2,00,000. ஆண்டுக்கு 6 சதவீதம் என்று குறைத்துப் போட்டாலும் மூன்று ஆண்டு வட்டி 36,000. இந்த வட்டியை எத்திணையிலும் எவரும் பாடியதில்லை.

பாலைக்கு உரிய பெரும்பொழுதுகளுள் ஒன்று முதுவேனில், அதாவது ஆனியும் ஆடியும். ஆனிக் கடைசியில் வீட்டைக் காலி செய்து பார்த்தவர்களுக்கு முன்னோரின் நுட்பம் விளங்கும். ஆடியில் யாரும் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச மாட்டார்கள். 'டூ-லெட்' பலகை வெயிலில் காயும். இதில் நமக்கென்ன என்று கேட்பவர் ஆய்வின் மையப் புள்ளியைத் தவறவிடுகிறார். நம் அட்வான்ஸ் ஓனரிடம் இல்லை. அது மாடிக்கு மேல் இன்னொரு மாடியாகவோ மகள் கல்யாணமாகவோ எப்போதோ மாறிவிட்டது. நமக்கு வரவேண்டிய பணம், நாம் பார்த்தேயிராத அடுத்த குடித்தனக்காரரின் வங்கிக் கணக்கில் இருக்கிறது.

"பணம் எங்க தம்பி போயிடப் போகுது? ஆவணி பிறக்கட்டும், ஆள் வந்ததும் தந்துடறேன்."

இது தூய முல்லை. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப்போன தலைவனுக்காகக் காத்திருப்பது முல்லையின் இயல்பு. கார்காலம் ஆவணியும் புரட்டாசியும். ஒரு மாதம்கூடப் பிசகவில்லை என்பதைக் கவனிக்க.

ஆள் வந்தபின் மருதம் தொடங்குகிறது. ஓனர் பகல் வெளிச்சத்தில் டார்ச் அடித்துச் சுவரைப் பார்ப்பார். காலண்டர் ஆணி ஒவ்வொன்றும் எண்ணப்படும். குழந்தை கிரேயானால் வரைந்த யானை நீண்ட நேரம் உற்றுநோக்கப்படும். தும்மினால்கூடக் குற்றம் காணும் ஊடலைத் திருக்குறள் 'புலவி நுணுக்கம்' என்று தனி அதிகாரமாகவே வைத்திருக்கிறது. ஓனரின் நுணுக்கமோ கடைசியில் எப்போதும் ஒரே தொகையில் வந்து நிற்கும். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை. ஆணியே அடிக்காமல் தரையில் படுத்து எழுந்து போன பிரம்மச்சாரிக்கும் அதே ஒரு மாதம்தான். 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதையும் வீட்டு உரிமையாளர் கணக்கில் எழுதிவைத்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு, கதவுப் பூட்டு போன்றவைதான் நம் பங்கு. இதை எடுத்துச் சொன்னால், "சட்டம் பேசறவங்களுக்கு நான் வீடே தர்றதில்லை" என்பார். தந்து, வாங்கியும் கொண்ட பிறகு.

அப்புறம் நேரில் போனால் கதவு பாதி திறக்கும். "அவர் ஊருக்குப் போயிருக்காரே" என்பார் அந்த அம்மா. செருப்பு வாசலிலேயே கிடக்கும். துறை: வாயில் மறுத்தல். பாணனாக நடுவில் நின்று இரு பக்கமும் கமிஷன் வாங்கிய புரோக்கர் இப்போது தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்.

வாட்ஸப்பில் வணக்கம் சொல்லி, நினைவூட்டி, நீலக் குறி விழுந்தும் பதில் வராத நிலை கைக்கிளை, விரித்துரைக்க வேண்டியதில்லை. காலையில் போய் ஓனர் வீட்டுத் திண்ணையில் ஊரறிய உட்கார்ந்துகொள்வது மடலேறுதல். நான் அறிந்தவரை பலன் தருவது இதுதான்; ஆனால் ஆபீசுக்கு லீவு வேண்டும். விவரமறிந்தவர்கள் இவ்வளவுக்கும் இடம் கொடுப்பதில்லை. கடைசி இரண்டு மூன்று மாதம் வாடகையை நிறுத்தி, "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்" என்று சொல்லிவிடுவார்கள். தன் பொருளைத் தானே அழைத்துக்கொண்டு போய்விடும் இச்செயலை உடன்போக்கு என்றே வகைப்படுத்த வேண்டும். மறுநாள் ஓனர் தெருவெல்லாம் புலம்புவது செவிலியின் புலம்பல்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வாடகை நீதிமன்றத்துக்கும் அதில் இடமுண்டு. ஆயினும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. சாவியைக் கொடுக்குமுன் சுவர், குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் ஓனர் பக்கத்தில் நிற்க செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். முடிந்தால் சித்திரையில் நோட்டீஸ் கொடுத்து, வைகாசி முடிவதற்குள் காலி செய்யுங்கள்.